பெண் பிள்ளைகள் கபடி வகுப்பு: ஏழு மாதம் அனுப்பிய பிறகு எழுதுகிறேன்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கபடி வகுப்பு நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். என் மகளுக்கு வயது 14, ஒன்பதாவது படிக்கிறாள், ஏழு மாதமாகப் போய்வருகிறாள். "எப்படி இருக்கு, சேர்க்கலாமா?" என்று தெருவிலும் ஆபீஸிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வகுப்பின் பெயரையும் தெருவையும் போடவில்லை. இருபத்தாறு பெண் பிள்ளைகள் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் கூடுகிறார்கள், அதைப் பொதுவில் எழுத எனக்கு மனசு வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேர்க்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த அந்த ஒன்று சின்ன விஷயத்துக்காகக் குறையவில்லை, அதைப் பின்னால் எழுதியிருக்கிறேன், அதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் அவளைச் சேர்த்தது கபடி வீராங்கனை ஆக்குவதற்காக இல்லை. சாப்பாடுதான் காரணம். போன வருஷம் இந்த நேரம் அவளுடைய ஒரு நாள் எப்படி இருந்தது தெரியுமா? காலையில் மாவு கலக்கிய பால் ஒரு டம்ளர், ரெண்டு பிஸ்கட், 7:40க்கு வேன். மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். நாலரைக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவி பையை மாற்றிக்கொண்டு ஐந்து மணிக்கு டியூஷன். அது விட ஏழரை ஆகும். வரும்போதே வயிறு நிறைந்திருக்கும், எட்டரைக்குத் தோசை ஊற்றினால் "பசிக்கலம்மா" என்பாள். பத்தரைக்குப் பசிக்கும். எழுந்து போய் நூடுல்ஸ் கிண்டிக்கொள்வாள், கையில் போன், போனில் யாரோ ஒருவர் ஒரு அண்டா பிரியாணியைத் தனியாகச் சாப்பிடுகிற வீடியோ. இதெல்லாம் என் வீட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் பேச்சு வந்தபோது இந்த வயதுப் பிள்ளை வைத்திருக்கிற எல்லோர் வீட்டுக் கதையும் இதுதான் என்று தெரிந்தது.

திட்டியிருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன். எண்ணெய், சர்க்கரை என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பது ஒரு மழை நாளில்தான் எனக்குப் புரிந்தது. டியூஷன் மாடியில் நடக்கிறது, கீழே பேக்கரி. அன்றைக்கு அவளைக் கொண்டுவிட வந்தவள், மழை விடாததால் அந்த பேக்கரியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. நடுவில் பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள். முப்பது பிள்ளைகள் படியில் இறங்கி வந்தார்கள், எல்லோர் முகத்திலும் பசி. மதியம் பன்னிரண்டரைக்கு அரை டப்பா சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஆறு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்! முதலில் வந்தவன் முட்டை பப்ஸ் வாங்கினான், பின்னால் வந்த ஐந்து பேரும் பப்ஸ். ஒரு பெண் பிள்ளை சிப்ஸ் பாக்கெட் பத்து ரூபாய்க்கு வாங்கினாள், அவள் கூட நின்றவர்களும் அதையே வாங்கினார்கள். என் மகள் அந்த வரிசையில்தான் நின்றாள். என்ன சாப்பிடலாம் என்று யாருமே யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பசிக்கிற பத்து நிமிஷத்தில் கைக்கெட்டும் தூரத்தில், பையில் இருக்கிற காசுக்கு, கூட நிற்கிறவள் எதை வாங்குகிறாளோ அது. ஒரு வாழைப்பழம் கூட அந்தக் கடையில் தொங்கவில்லை. நான் வீட்டில் எத்தனை மணி நேரம் பேசினாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் நான் இல்லை.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020இல் போட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலோ பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது பள்ளியைப் பற்றியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உண்மையில் பசியோடு நிற்கிற இடம் டியூஷன் வாசல், அங்கே அப்படி எந்தக் கோடும் இல்லை. வீட்டிலும் நான் ஒழுங்காக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். பிஸ்கட், மிக்சர், பாலில் கலக்குகிற மாவு எல்லாம் நான் வாங்கி வைத்ததுதான். அந்த மாவை வருஷக்கணக்காகச் சத்து என்று நம்பிக் கொடுத்திருக்கிறேன். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு, போன்விட்டா உட்பட இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்கிற பிரிவிலிருந்து எடுத்துவிடச் சொன்ன செய்தியைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. முன்பக்கம் ஓடுகிற பிள்ளையின் படம்.

ஓட்டம் என்றால் அதுவும் இல்லை. ஆறாவது வரைக்கும் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள்தான். வயசுக்கு வந்த பிறகு தெரு நின்றது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், வேனில் ஏறி வேனில் இறங்குவாள். வளரும் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 74 பேர் அந்த அளவுக்கு அசைவதில்லை. என் மகள் அன்றைக்கு 60 நிமிஷம் இல்லை, ஆறு நிமிஷம் ஓடியிருந்தால் அதிகம்.

கபடிக்கு முன்னால் ஒரு பேட்மின்டன் உள்ளரங்கில் சேர்த்தோம். மாசம் 1,800 ரூபாய், ஏசி, பளபளவென்று தரை. ஒரு கோர்ட்டுக்கு பன்னிரண்டு பிள்ளைகள் என்பதால் ஒரு மணி நேரத்தில் அவள் கையில் பேட் இருந்தது கால் மணி நேரம், மிச்ச நேரம் பெஞ்சில். வெளியே வருகிற வழியிலேயே கூல் ட்ரிங்க்ஸ் பெட்டியும் சிப்ஸ் ஸ்டாண்டும் வைத்திருந்தார்கள். விளையாடாத பிள்ளை, வியர்க்காத பிள்ளை, முப்பது ரூபாய் பாட்டிலைக் குடித்துக்கொண்டே வண்டியில் ஏறும். இரண்டு மாசத்தில் அவளே போகவில்லை என்றாள்.

கபடியை அவளாகத்தான் கேட்டாள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியதே, அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாரே, அந்த வீடியோக்கள் அவள் போனில் வந்துகொண்டே இருந்தன. சின்ன வீட்டிலிருந்து போன பிள்ளை, ஊரே கூடி வரவேற்றது, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருநாள் ராத்திரி, "அம்மா, நம்ம ஊர்ல இது சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டாள். பிரியாணி அண்டாவைக் காட்டிய அதே போன்தான் இதையும் காட்டியது என்பதை நான் மறக்கவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். செம்மண் களம், மேட் கிடையாது. சாயங்காலம் ஐந்தேகாலிலிருந்து ஏழு மணி வரை பெண்களுக்கு, காலையில் பையன்களுக்கு. ஞாயிறு லீவு, போட்டி இருந்தால் இல்லை. மாசம் 300 ரூபாய், கட்ட முடியாத பிள்ளைகளிடம் வாங்குவதில்லை, யார் கட்டுகிறார்கள் யார் கட்டவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாத மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். டியூஷனை நாங்கள் ஏழரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிகிற பேட்ச்சுக்கு மாற்றிக்கொண்டோம். அது சுலபமாக நடக்கவில்லை, டியூஷன் டீச்சரிடம் இரண்டு தடவை போய்ப் பேச வேண்டியிருந்தது.

மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரோடு ஒரு அக்கா, பல்கலைக்கழக அணியில் ஆடியவர், இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் வருகிறார். இந்த அக்கா இல்லாவிட்டால் நான் மகளை அனுப்பியிருக்க மாட்டேன். கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம், பிடி சொல்லிக்கொடுப்பது முழுக்க அக்காதான், மாஸ்டர் கோட்டுக்கு வெளியே நின்று சொல்வார். மாதவிடாய் நாளில் என்ன செய்வது, எந்த உள்ளாடை போடுவது எல்லாம் அக்காவிடம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். ஷார்ட்ஸ் கட்டாயம் இல்லை, ட்ராக் பேன்ட் போடலாம். என் அத்தைக்கு (மாமியாருக்கு) முதலில் இதில் பெரிய வருத்தம், வயசுக்கு வந்த பிள்ளை மண்ணில் புரள்கிறதே என்று. அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனார், கபடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அத்தையின் மூட்டு வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

முதல் மூன்று வாரம் கோட்டுக்குள்ளேயே விடவில்லை. ஓட்டம், தவளைத் தாவல், குட்டிக்கரணம், விழப் பழகுவது. எப்படி விழுந்தால் மணிக்கட்டு ஒடியாது என்பதை மட்டும் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் பாடுவது. ஒரு ரெய்டுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய்வருவதற்கு, 30 விநாடி, ஒரே மூச்சில் 'கபடி கபடி' விடாமல் வர வேண்டும். என் மகள் முதல் நாள் பதினொன்றாவது விநாடியில் மூச்சை விட்டுவிட்டாள், வீட்டுக்கு வந்து அழுதாள். இப்போது பாடிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு வருகிறாள். பெஞ்சில் உட்காருகிற வேலையே இங்கே கிடையாது. ஒரு பக்கம் ஏழு பேர், இரண்டு பக்கமும் பதினாலு, மிச்சப் பன்னிரண்டு பேர் பக்கத்தில் கயிறு, பிடிப் பயிற்சி, சுற்றி ஓட்டம். ஒரு நாளில் முழு ஒரு மணி நேரம் உடம்பு வேலை செய்கிறது, நான் கடிகாரம் வைத்தே பார்த்தேன்.

இப்போது சுண்டலுக்கு வருகிறேன். இந்த வகுப்பைப் பற்றி நான் எழுதுவதே அதற்காகத்தான்.

ஏழு மணிக்கு ஆட்டம் முடிந்ததும் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. கை கால் கழுவிவிட்டு வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் சுண்டல் வரும். ஒரு நாள் கறுப்புக் கொண்டைக்கடலை, ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் அவித்த நிலக்கடலை, சில நாள் பச்சைப்பயறு. புதன்கிழமை அவித்த முட்டை. சனிக்கிழமை கம்மங்கூழ், மோரும் சின்ன வெங்காயமும். சுண்டல் மேலே எலுமிச்சை பிழிந்திருப்பார்கள். பெற்றோர் முறை வைத்துக்கொண்டு செய்கிறோம், எனக்கு மாசத்தில் ஒரு நாள் வரும். முந்தின நாள் ராத்திரி ஒன்றரை கிலோ கடலை ஊறப்போட வேண்டும், மறுநாள் நாலு மணிக்குக் குக்கர். கடலை, தேங்காய், தாளிக்கிற சாமான் எல்லாம் சேர்த்துத் தலைக்கு எட்டு ரூபாய்க்குள் முடிகிறது. ஒரு பிள்ளைக்குச் சுமார் 10 கிராம் புரதம் அதில் கிடைக்கிறது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் பாதிக்கு மேல் காற்று.

அந்த வட்டத்தில் யாரும் சத்து, கலோரி என்று பாடம் எடுப்பதில்லை. மாஸ்டரும் அக்காவும் அதே சட்டியில் எடுத்து அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் அணியின் முதல் ரெய்டர் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண். சின்னவர்கள் எல்லோருக்கும் அவள்மேல்தான் கண். அவள் கூழை இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வாள். என் மகள் பிறந்ததிலிருந்து கம்மங்கூழை வாயில் வைத்ததில்லை, வாசனையே பிடிக்காது என்பாள். மூன்றாவது சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, "அம்மா, கம்பு நம்ம வீட்ல செய்ய மாட்டியா?" என்று கேட்டாள். நான் மூன்று வருஷம் சொல்லி நடக்காதது, ஒரு பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

அந்த மழை நாளில் பேக்கரியில் நான் பார்த்தது என்னவோ அதேதான் இங்கேயும் நடக்கிறது. பசி, கைக்கெட்டும் தூரம், கூட இருக்கிறவள். மூன்றும் மாறவில்லை. பப்ஸ் இருந்த இடத்தில் சட்டி வந்திருக்கிறது. உடம்பு ஓய்ந்து வருகிற பசிக்கும் சும்மா உட்கார்ந்து வருகிற பசிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதும் என் அனுபவம். எட்டரைக்கு டியூஷன் முடித்து வந்து மூன்று தோசை கேட்கிறாள். பத்தரை மணி நூடுல்ஸ் தானாக நின்றது, பத்து மணிக்கே தூங்கிப்போகிறாள், போன் மேஜையில் கிடக்கிறது.

முழுசாக மாறிவிட்டாள் என்று எழுதினால் பொய். சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடுகிறோம், அவள் மூன்று சாப்பிடுவாள், நானும் தடுப்பதில்லை. பிறந்தநாள் ட்ரீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் பேக்கரி உண்டு. லீவு விட்டு வகுப்பு இல்லாத பத்து நாளில் பழைய மாதிரியே சிப்ஸ் வந்துவிட்டது, அதையும் பார்த்தேன். சட்டி இருந்தால் சுண்டல், இல்லாவிட்டால் சிப்ஸ். பிள்ளையின் மனஉறுதி என்று ஒன்றை நம்பி நான் இனி எதையும் செய்யப்போவதில்லை.

இன்னொன்றும் அங்கேதான் கவனித்தேன். வகுப்பில் பாதிப் பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். மதியம் சத்துணவு, பள்ளி நடக்கிற நாளெல்லாம் முட்டை. சாயங்காலம் அவர்கள்தான் தெம்பாக ஓடுகிறார்கள். ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளிக்குப் போகிற என் மகளும் அவள் தோழிகளும்தான் முதல் மாசம் மயங்கி மயங்கி உட்கார்ந்தார்கள். டப்பாவில் நாங்கள் கொடுத்து விடுகிற எலுமிச்சை சாதமும் உருளை சிப்ஸும் ஒரு மதியச் சாப்பாடே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது டப்பாவில் முட்டையோ பயறோ ஏதாவது ஒன்று கட்டாயம்.

அந்த மயக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாசம் அக்கா எல்லோரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என் மகளுக்கு ஹீமோகுளோபின் 10.4. இந்த வயதில் 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள், எடை கூடச் சரியாக இருக்கிறது, அதனால் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் நாடு முழுக்க எடுத்ததில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்திருக்கிறது. நம் பிள்ளைகள் சோம்பேறியாகிவிட்டார்கள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்பவும் படுத்தே கிடக்கிறாள் என்று திட்டுகிறோமே, அதில் எத்தனை பேருக்கு உண்மையில் ரத்தம் இல்லையோ! பள்ளியில் வாரம் ஒரு தடவை நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்களாம், வயிறு புரட்டுகிறது என்று இவள் அதை ஜன்னலுக்கு வெளியே போட்டிருக்கிறாள். டாக்டர் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார், சாப்பாட்டோடு டீ காபி வேண்டாம் என்றார், டீ இரும்பை உடம்பில் சேர விடாது, எலுமிச்சை சேர விடும். சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்கு என்று நினைத்திருந்தேன். மூன்று மாசம் கழித்துப் பார்த்ததில் 11.6. இன்னும் வர வேண்டும்.

இவ்வளவு நல்லதாக எழுதிவிட்டு ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், எடை மெஷின்.

கபடியில் வயதோடு எடையும் கணக்கு. சப்-ஜூனியர் என்றால் 16 வயதுக்குள், 55 கிலோவுக்குள். ஜூனியர் பெண்களுக்கு 20 வயது, 65 கிலோ. பிள்ளைகள் காயப்படாமல் ஆடத்தான் அந்த விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாவட்டத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் களத்தின் ஓரத்தில் எடை மெஷினை வைத்து, எல்லோர் எதிரிலும் ஏற்றி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதினார் மாஸ்டர். ஒரு பிள்ளை 57 இருந்தாள். "ரெண்டு கிலோ இறக்கிட்டு வா" என்றார். அந்தப் பிள்ளை மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டு, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடியிருக்கிறாள். நான்காம் நாள் களத்தில் மயங்கி விழுந்தாள். 15 வயது, வளர்கிற எலும்பு, போன மாசம்தான் ரத்தம் குறைவு என்று மாத்திரை வாங்கியவள். அந்த வாரம் முழுக்க மற்ற பிள்ளைகள் சட்டியில் பாதிக் கரண்டிதான் எடுத்தார்கள், 48 கிலோ இருக்கிற என் மகள் உட்பட. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். ஏழு மாசத்தில் நான் உண்மையிலேயே பயந்தது அன்றைக்குத்தான். சிப்ஸை விட இது மோசம். சாப்பிட வைத்த அதே வட்டம் ஒரே வாரத்தில் சாப்பிடாமல் இருக்கவும் வைத்துவிட்டது.

நாங்கள் நாலு அம்மாக்கள் போய்ப் பேசினோம். மாஸ்டருக்கு முதலில் பிடிக்கவில்லை. "நாங்க எல்லாம் இப்படித்தான் ஆடி வந்தோம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அக்காதான் எங்கள் பக்கம் நின்றார். இப்போது எடையை அக்கா தனியாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார், எண் நோட்டோடு சரி. எடை கூடி இருக்கிற பிள்ளையை மேல் பிரிவில் ஆட விடுகிறேன் என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் அடுத்த தேர்வு வரும்போது எப்படி நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் நான் அந்த ஒரு மார்க்கைத் திருப்பிக் கொடுப்பேன். எந்த ஊரில் கபடி, குத்துச்சண்டை, பளு தூக்குதல் என்று எடைப் பிரிவு இருக்கிற எதில் பிள்ளையைச் சேர்த்தாலும், முதல் நாளே "எடையை எப்படிப் பார்ப்பீங்க, கூடிட்டா என்ன சொல்வீங்க" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

மற்றக் குறைகள் வேகமாக. கழிவறை ஒன்றுதான், நான் சேர்க்கும்போது தாழ்ப்பாள் கூட இல்லை, பெற்றோர் காசு போட்டு மாட்டினோம். தண்ணீர் வராத நாள் உண்டு. ஒரு பக்க விளக்கு போய் ஒரு மாசம் ஆகிறது, ஆறரைக்கு மேல் அந்த மூலையில் ஆடும்போது முழங்கால் தேய்கிறது. முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஆனால் பஞ்சும் மருந்தும் தீர்ந்தால் யார் வாங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. போட்டிகளுக்குப் போனால் நேரம் ஒரு ஒழுங்கு இல்லை, பத்து மணி ஆட்டம் நாலு மணிக்கு நடக்கும், அதுவரை பிள்ளைகளுக்குக் கிடைப்பது வாசலில் விற்கிற பஜ்ஜியும் கலர் தண்ணீரும்தான். போன போட்டிக்கு நாங்கள் இட்லிப் பொட்டலம், வாழைப்பழம், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கட்டிக் கொடுத்தோம், அது போதுமானதாக இருந்தது. மாஸ்டர் சத்தம் போடுவார். மென்மையான பிள்ளை என்றால் முதல் மாசம் வாடிப்போகும், கூட ஒரு தோழியைச் சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம் பத்தாவது. பொதுத்தேர்வு வருஷம் வந்ததும் பெண் பிள்ளையை முதலில் நிறுத்துகிற இடம் விளையாட்டுதான். இந்த வருஷம் மட்டும் ஆறு பேர் நின்றுவிட்டார்கள், நின்றதில் ஒருத்தி எங்கள் நல்ல கார்னர் (ஓரத்தில் நின்று பிடிக்கிறவள்). மாஸ்டர் பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு வாரம் மூன்று நாள் வந்தால் போதும், ஆறரைக்கே கிளம்பலாம் என்கிறார். தயவு செய்து அதையாவது செய்யுங்கள். வகுப்பை விட்டு நின்ற ஒரு பிள்ளையை அதே டியூஷன் பேக்கரியில் போன வாரம் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்துவிட்டு பப்ஸை மறைத்தாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, பசிக்கிற நேரத்தில் அங்கே அதுதான் இருக்கிறது.

சேர்க்க நினைக்கிறவர்களுக்கு: மூச்சிரைப்பு, இதயப் பிரச்சனை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், முன்பு எலும்பு முறிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மண் களத்துக்கு ஷூ அவசியமில்லை, வெறுங்காலில்தான் ஆடுகிறார்கள், மேட்டில் நடக்கிற போட்டிக்குப் போகும்போதுதான் வேண்டும், எங்களுக்கு 900 ரூபாய் ஆனது. முழங்கால் உறை முதல் நாளே வாங்கிவிடுங்கள். நகம் வெட்டாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காதில் கம்மல் போட்டுக்கொண்டு போனாலும் அப்படித்தான். முதல் இரண்டு வாரம் உடம்பு வலி தாங்காது, நிறுத்திவிடலாம் என்று அவளே சொல்வாள், அந்த இரண்டு வாரத்தைத் தாண்டிவிடுங்கள்.

போகும்போது கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவும் ஸ்பூனும் கொடுத்துவிடுங்கள், சட்டி அவர்களுடையது, டப்பா நம்முடையது. சுண்டல் முறைக்குப் பெயர் எழுதுகிற நோட்டு அக்காவிடம் இருக்கிறது. அடுத்த மாசத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.